இலை நம்முடையது... பெயர் யாருடையது?

குன்னூர் தேயிலை ஏலத்தின் கேட்லாக்கைப் புரட்டினால் வாக்காளர் பட்டியலைப் படிப்பதுபோல இருக்கும். ஹோம்டேல், கிராஸ்ஹில், கோடநாடு, சாம்ராஜ், ஹவுக்கல், கைர்பெட்டா என்று ஒரு வரிசை போகும். விக்னேஷ்வர், சாந்தி சுப்ரீம், தீபிகா சுப்ரீம் என்று இன்னொரு வரிசை வரும். நடுவில் 'புரொஃபசர்' என்று ஒருவர் கம்பீரமாக உட்கார்ந்திருப்பார். ஆட்கள் இல்லை, எல்லாம் தேயிலை. இந்த வட்டாரத்தில் இவற்றை 'மார்க்' என்பார்கள். ஃபேக்டரி எந்தப் பெயரில் மூட்டை கட்டி அனுப்புகிறதோ அதுதான் மார்க்.

வியாழனும் வெள்ளியும் இங்கே ஏல நாள். சுத்தியல் தட்டி ஏலம் கேட்ட காலம் போய், எல்லாம் கம்ப்யூட்டர் திரைக்கு வந்தாகிவிட்டது. மார்க்கின் மவுசு மட்டும் குறையவில்லை. ஏலத்துக்கு முன்பே புரோக்கர் அனுப்பும் சாம்பிளை வரிசையாகக் கொதிக்கவைத்து, உறிஞ்சிப் பார்த்துத் துப்பிவிட்டுத்தான் வாங்குபவர்கள் விலை போடுகிறார்கள். இருந்தாலும், பல வாரங்களாக ஏமாற்றாத மார்க் என்றால் கை தாராளமாகிறது. பெயருக்குக் காசு உண்டு என்பதைக் குன்னூருக்கு எந்த விளம்பர நிறுவனமும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் சென்னையில் ஒரு டீக்கடைக்காரரிடம் போய் "ஹோம்டேல் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். ஏதோ வீட்டுக்கடன் கம்பெனி என்று நினைத்துக்கொள்வார்.

மார்க் மறைந்துபோவதற்குத் தொழில்ரீதியான காரணம் ஒன்று இருக்கிறது. மழைக்காலத்து இலையும் பனிக்காலத்து இலையும் ஒரே சுவையில் இருக்காது. பாக்கெட் வாங்குகிறவருக்கோ ஜனவரியிலும் ஜூலையிலும் அதே நிறம், அதே திடம் வேண்டும். அதனால் பாக்கெட் கம்பெனி பல மார்க்குகளை வாங்கி, அளவு பார்த்துக் கலக்கிறது. கலந்த பிறகு அதில் புரொஃபசர் எவ்வளவு, தீபிகா எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. மேலே ஒரே ஒரு பெயர் ஏறுகிறது. அந்தப் பெயர் பெரும்பாலும் மலையில் பிறந்ததாக இருக்காது.

எங்கே பிறந்தது? புரூக் பாண்ட் கதையைப் பார்ப்போம். ஆர்தர் புரூக் என்பவர் 1869இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் டீக்கடை திறந்தார். புரூக் அவர்தான். பாண்ட் யார் என்று தேடினால் ஆளே கிடையாது. அப்படி ஒரு பங்குதாரர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. தனிப் பெயராக இருப்பதைவிட ஜோடியாக இருந்தால் காதுக்கு நன்றாக இருக்கிறது என்று அவரே சேர்த்துக்கொண்டது. இல்லாத அந்த மனிதரின் பெயரைத் தலைமுறை தலைமுறையாக நம் சமையலறை அலமாரியில் வைத்திருக்கிறோம்.

அந்தக் குடும்பத்தில் 1978இல் வந்ததுதான் தமிழ்நாட்டின் செல்லப்பிள்ளை 'த்ரீ ரோஸஸ்'. ரோஜாவுக்கும் தேயிலைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நிறம், சுவை, திடம் என்று நல்ல டீக்கு மூன்று லட்சணம். அந்த மூன்றுக்கும் மூன்று பூ. குஜராத்தின் 'வாக் பக்ரி'யில் புலியும் ஆடும் ஒரே கோப்பையில் டீ குடிக்கின்றன. அதை நிறுவிய நாரண்தாஸ் தேசாய் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய வியாபாரி. அங்கே நிறவெறியைக் கண்டவர், வலியவனும் எளியவனும் ஒன்றாக அமரும் படத்தைத் தன் முத்திரையாக வைத்தார். மூணாறின் 'கண்ணன் தேவன்' மட்டும் மண்ணிலிருந்தே முளைத்தது. வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன் அஞ்சுநாட்டுப் பள்ளத்தாக்கில் இருந்த கண்ணன் தேவன் என்ற ஊர்த்தலைவரின் பெயர்தான் அந்த மலைகளுக்கு ஆகி, பிறகு பாக்கெட்டிலும் ஏறியது என்பார்கள்.

நீலகிரிக்கு அப்படி ஒரு கண்ணன் தேவன் வாய்க்கவில்லை. இங்கே எஸ்டேட்டுக்குப் பெயர் வைத்த துரைமார்களில் பலர் கையோடு ஸ்காட்லாந்தைக் கொண்டுவந்தவர்கள். கிளென்டேல், கிளென்மார்கன், கிரெய்க்மோர் எல்லாம் அந்த வகை. ஊருக்கே பெயர் மாற்றியவர்களும் உண்டு. ஜக்கதளா பக்கத்தில் ராணுவக் குடியிருப்பு கட்டி, வெலிங்டன் பிரபுவின் பெயரைச் சூட்டினார்கள். இன்று பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது யாரும் பிரபுவை நினைப்பதில்லை. கைர்பெட்டா, ஹவுக்கல், ஹிட்டக்கல் போன்ற பெயர்களில்தான் இந்த மலையின் படகர் மக்களின் மொழி பிழைத்துக் கிடக்கிறது. பிறகு சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கி அரைக்கும் 'பாட் லீஃப்' ஃபேக்டரிகள் பெருகின. அப்போதுதான் பிள்ளையாரும், வீட்டுக்குள் கூப்பிடுகிற பெயர்களும் கேட்லாக்குக்குள் வந்தன. மூன்று காலகட்டம் அந்த ஒரே தாளில் அடுக்கடுக்காக இருக்கிறது. மலையின் சரித்திரம் எழுதுகிறவர்கள் ஏல கேட்லாக்கையும் ஒரு கை பார்க்கலாம்.

மொத்தமாக விற்றுவிட்டுப் போகும் பழக்கம் லாபமாகவே இருந்த காலமும் உண்டு. சோவியத் யூனியன் நீலகிரித் தூளை மூட்டை மூட்டையாக வாங்கியது. வாங்க ஆள் இருக்கும்போது பெயருக்காக யார் மெனக்கெடுவார்கள்? அந்த தேசமே 1991இல் கலைந்தது. 90களின் கடைசியில் பச்சை இலையின் விலை படுத்தது. சுமார் நாலரைக் கிலோ இலை சேர்ந்தால்தான் ஒரு கிலோ தூள். பறிகூலிகூடக் கட்டாது என்று விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். பெயர் இல்லாமல் விற்பதன் விலை என்ன என்பது மலைக்கு அப்போதுதான் உறைத்தது.

இதே பாடத்தை முன்பே படித்துவிட்ட ஒருவர் பக்கத்துத் தீவில் இருந்தார். மெரில் பெர்னாண்டோ, இலங்கையின் தேயிலை ருசி பார்ப்பவர்களில் ஒருவர். இளம் வயதில் லண்டனுக்குப் பயிற்சிக்குப் போனார். இலங்கையிலிருந்து மூட்டையாக வந்த தேயிலை அங்கே வேறு நாட்டுத் தூளோடு கலந்து, வேறு பெயரில் பாக்கெட்டாகி, லாபம் மொத்தமும் அங்கேயே தங்கிவிடுவதைக் கண்டார். விளைந்த இடத்திலேயே பாக்கெட் போட்டு, விளைவித்தவர்களின் பெயரிலேயே விற்க வேண்டும் என்று பல ஆண்டுகள் முயன்று, 1980களில் ஆஸ்திரேலியாவில் சொந்த பிராண்டை இறக்கினார். என்ன பெயர் வைப்பது? மகன்கள் இருவர்: தில்ஹான், மாலிக். முதல் பெயரின் தலையையும் அடுத்த பெயரின் தலையையும் ஒட்டவைத்தார். 'தில்மா' பிறந்தது. 2023இல் அவர் இறந்தபோது அந்தப் பெயர் உலகத்தின் பல நாடுகளில் அலமாரி ஏறியிருந்தது.

பிள்ளை பெயரைக் கம்பெனிக்கு வைப்பது நமக்கு ஒன்றும் புதிதில்லை. ரகுநந்தன் சரண் 1948இல் கார் பாகங்களைப் பூட்டும் தொழிலை ஆரம்பித்தபோது மகன் அசோக்கின் பெயரைத்தான் வைத்தார். 1955இல் இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனம் கைகோத்தது. லேலண்ட் என்பது லங்காஷயரில் ஓர் ஊர். ஆக, மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளை மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் அரசுப் பேருந்தின் நெற்றியில் ஒரு பையனும் ஓர் ஆங்கிலேய ஊரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள்.

அப்பா பெயரை மகன் வைத்த கதை கடலூரில் நடந்தது. சின்னிகிருஷ்ணன், ஷாம்பூவைச் சின்ன சாஷேயில் அடைத்து விற்கும் யோசனையில் முன்னோடி. அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியாகக் கிளம்பி 'சிக்' ஷாம்பூவை இறக்கினார். சின்னிகிருஷ்ணனின் ஆங்கில எழுத்துகள்தான் 'சிக்' ஆயின. கம்பெனி வளர்ந்து 1998இல் 'கெவின்கேர்' என்று மாறியபோதும் அப்பாவை விடவில்லை. 'கவின்' நம் பழைய தமிழ்ச் சொல், அழகு என்று பொருள். கம்பெனிப் பெயரின் ஆங்கில எழுத்துகளில் 'சி'யும் 'கே'யும் பெரிதாக நிற்கும்படி எழுதினார்கள். கூந்தல் அலசுகிறவர்களில் எத்தனை பேர் சங்கத் தமிழை நினைத்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

இனி மலையின் பெயரையே தூக்கிக்கொண்டு கீழே இறங்கியவரின் கதை. முத்துசாமி முதலியார், கோயம்புத்தூரிலிருந்து ஊட்டிக்கும் குன்னூருக்கும் வெள்ளைக்காரர்களின் கடிதங்களையும் காசோலைகளையும் சுமந்துபோகும் தபால் ஓட்டக்காரர். போகிற வீடுகளில் எல்லாம் வெண்ணெய் கேட்டிருக்கிறார்கள். 1905இல் ஓர் ஆங்கிலேயரின் வெண்ணெய் வியாபாரத்தையே வாங்கி, சின்னக் கடை ஒன்று போட்டார். அதுதான் நீலகிரி டெய்ரி ஃபார்ம். மகன் சென்னியப்பன் காலத்தில், 1936இல், பெங்களூர் பிரிகேட் ரோட்டுக்குக் கடை போனது. பால், வெண்ணெய், ரொட்டி, கேக் என்று விரிந்து, 'நீல்கிரிஸ்' தென்னிந்தியாவின் முதல் சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒன்றானது. பெங்களூர்க்காரர்களில் ஒரு தலைமுறைக்கு நீல்கிரிஸ் என்றால் மலை இல்லை, பிளம் கேக். 2014இல் ஃபியூச்சர் குழுமம் அதை வாங்கியது. கடை கை மாறும்போது மாடும் வெண்ணெயும் பெரிய கணக்கில் வருவதில்லை. வாங்குகிறவர் காசு கொடுப்பது அந்த ஐந்தெழுத்துக்குத்தான்.

தனியார் வீட்டுப் பெயரை வைத்தால் அரசாங்கம் என்ன வைக்கும்? எழுத்துகளை வெட்டி ஒட்டும். குன்னூரில் தலைமையகம் கொண்ட 'டேன்டீ' அப்படிப்பட்டது. 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர்களில் 5.25 லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும். தேயிலையைத் தவிர வேறு தொழில் அறியாதவர்கள் பலர். அவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. அப்போது நம் மாநிலத்துக்கே 'தமிழ்நாடு' என்ற பெயர் இல்லை. 1969 ஜனவரி 14இல்தான் அது வந்தது. 1970களின் நடுவில் திட்டம் கம்பெனியானபோது, தமிழ்நாட்டின் ஆங்கில முதலெழுத்துகளோடு டீயைச் சேர்த்து 'டேன்டீ' என்றார்கள்.

வெட்டி ஒட்டிய பெயர் ஒட்டாது என்பார்கள். இது ஒட்டியது. பந்தலூர், சேரம்பாடி பக்கம் 'டேன்டீ' என்பது கம்பெனிப் பெயராக மட்டும் இல்லை, முகவரியாகவே ஆகிவிட்டது. "எங்கே இருக்கீங்க?" என்றால் "டேன்டீ சரகம்" என்று பதில் வரும். ஊரை இழந்து வந்தவர்களுக்கு ஊர்ப்பெயராக ஒரு சுருக்கெழுத்து கிடைத்தது.

அதே தமிழ்நாட்டு எழுத்துகள் ஓசூரில் வேறு வேஷம் கட்டின. டாடாவும் மாநில அரசின் டிட்கோவும் 1984இல் சேர்ந்து கைக்கடிகாரக் கம்பெனி ஆரம்பித்தன. டாடா இண்டஸ்ட்ரீஸின் முதலெழுத்துகளும் தமிழ்நாட்டின் எழுத்துகளும் கூடி 'டைட்டன்' ஆயின. கிரேக்கப் புராணத்தின் ராட்சத தேவர்கள் இலவச இணைப்பாக வந்து சேர்ந்தார்கள். கையில் கட்டியிருப்பவர்களுக்கு அது கிரேக்கப் பெயர். கோப்பில் பார்த்தால் பாதி அரசாணை.

ஊட்டிக்கு வெளியே ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் எழுந்தபோது இன்னொரு வழியில் போனார்கள். ஃபிலிம் உலகத்தில் அன்றைக்குச் சக்கரவர்த்தி 'கோடக்'. அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் பதிவுசெய்த அந்தப் பெயருக்கு எந்த மொழியிலும் அர்த்தம் கிடையாது, வேண்டுமென்றே. 'கே' என்ற எழுத்து அவருக்கு ரொம்பப் பிடிக்கும், உறுதியான எழுத்து என்பார். சின்னதாக இருக்க வேண்டும், யாரும் தப்பாக உச்சரிக்கக் கூடாது, வேறு எதையும் நினைவுபடுத்தக் கூடாது. இந்த நிபந்தனைகளோடு எழுத்துகளைக் கலைத்துக் கலைத்து உண்டாக்கினார். ஊட்டி ஆலையோ நேர் எதிராக, அர்த்தம் நிறைந்த பழைய சொல்லைத் தேர்ந்தெடுத்தது: 'இந்து'. சமஸ்கிருதத்தில் சந்திரன். வெள்ளி உப்பு பூசிய ஃபிலிமுக்கு வெள்ளி நிலா, பொருத்தம்தான். நேரு தன் மகளை 'இந்து' என்றே செல்லமாக அழைப்பார் என்பதும், அந்த மகள் பிரதமராக இருந்த காலத்தில்தான் ஆலை உற்பத்திக்கு வந்தது என்பதும் ஊட்டிக்காரர்கள் கண்ணைச் சிமிட்டியபடி சேர்த்துச் சொல்லும் தகவல்கள். தமிழில் எழுதும்போது அது மதமாகவும் நாளிதழாகவும் தெரியுமே என்று அன்று யாரும் கவலைப்படவில்லை போலிருக்கிறது. டிஜிட்டல் வந்து ஆலை ஓய்ந்துவிட்டது. எக்ஸ்ரே ஃபிலிம் உறைகள் காயலான் கடைக்குப் போய்விட்டன. 'இந்து நகர்' மட்டும் ஊட்டியில் பஸ் நிறுத்தமாக நிற்கிறது.

கேத்தி பக்கத்தில் 1949 முதல் ஊசி செய்யும் நீடில் இண்டஸ்ட்ரீஸுக்குக் கொஞ்சம் நல்ல விதி. அதன் ஊசிகளும் ஸ்வெட்டர் பின்னும் குச்சிகளும் 'போனி' என்ற பெயரில் உலகம் சுற்றுகின்றன. குட்டிக் குதிரைப் பெயர் கொண்ட அந்த ஊசியில் நூல் கோக்கும் ஐரோப்பியப் பாட்டிகளுக்குக் கேத்தி எங்கே தெரியப்போகிறது?

சரி, 'நீலகிரி' என்ற பெயர் யாருக்குச் சொந்தம்? இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. நம் நாட்டில் 1999இல் இரண்டு சட்டங்கள் நிறைவேறின. ஒன்று வணிகக் குறியீட்டுச் சட்டம், இன்னொன்று புவிசார் குறியீட்டுச் சட்டம். இரண்டும் 2003 செப்டம்பர் 15 அன்று, ஒரே நாளில் அமலுக்கு வந்தன. முதல் சட்டம், பொருள் எந்த ஊரிலிருந்து வருகிறது என்பதை மட்டும் சொல்லும் பெயரைத் தனி ஒருவருக்குப் பட்டா போட்டுத் தர முடியாது என்கிறது; நெடுங்காலம் புழங்கி, கேட்டதும் ஜனங்களுக்கு அந்தக் கம்பெனியே நினைவுக்கு வரும் என்று நிரூபித்தால் விதிவிலக்கு. இரண்டாவது சட்டம், ஊர்ப்பெயர் அந்த ஊரில் விளைவிக்கும் எல்லோருக்கும் சொந்தம் என்கிறது. நீலகிரி என்ற பெயர் இரண்டு வாசலிலும் நிற்கிறது: ஒரு பக்கம் கேக் கடை, மறுபக்கம் தேயிலை.

புவிசார் குறியீட்டை இந்தியாவில் முதலில் வாங்கியது டார்ஜிலிங் தேயிலை. அந்தப் பெயரைக் காப்பதில் தேயிலை வாரியம் சளைக்கவில்லை. கொல்கத்தாவில் ஐ.டி.சி. ஹோட்டல் தன் ஓய்வறைக்கு 'டார்ஜிலிங் லவுஞ்ச்' என்று பெயர் வைத்ததற்கே வழக்கு போட்டார்கள். வழக்கு ஜெயிக்கவில்லை, கல்கத்தா உயர் நீதிமன்றம் 2019இல் தள்ளுபடி செய்தது. தேயிலைக்கான உரிமை நாற்காலி மேஜை வரை நீளாது என்பதுதான் அதன் சாரம். ஆனால், வழக்கு போடுகிற அளவுக்குப் பெயரைக் கட்டிக் காக்கும் அந்த வேகம் கவனிக்கத்தக்கது.

நீலகிரிக்கு 2008இல் குறியீடு கிடைத்தது. அதில் ஒரு சிக்கல். குறியீடு 'ஆர்த்தடாக்ஸ்' தேயிலைக்கு மட்டும். இலையை மெதுவாக உருட்டி, முறுக்கி, முழுசாக எடுக்கும் பழைய முறை அது. நீலகிரியில் பெரும்பகுதி உற்பத்தியோ சி.டி.சி.; இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்குவது. நம் டீக்கடை வடிகட்டிக்குத் தோதான தூள் அதுதான். அதாவது, மலையில் தயாராகும் டீயில் பெரும்பாலானவற்றுக்கு மலையின் முத்திரையைக் குத்த வழியில்லை. சிறு விவசாயியின் இலை போகும் ஃபேக்டரிகளில் பெரும்பாலானவை சி.டி.சி. என்பதால், பெயரின் பலன் யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே அது எட்டுவதில்லை. இது எழுத்துப்பிழை இல்லை, தரம் காக்க வைத்த வேலிதான். வேலிக்கு வெளியே நிற்பவர்கள்தான் அதிகம்.

அந்த விவசாயிகளின் கூட்டுறவுக்குப் பெயர் வைத்த விதமும் சொல்ல வேண்டியது. குந்தாவில் 1962இல் முதல் கூட்டுறவுத் தேயிலை ஃபேக்டரி வந்தது. 1965இல் இணையம் அமைந்தது, தலைமையகம் குன்னூர். 'இண்டஸ்ட்ரியல்', 'கோஆபரேட்டிவ்' என்ற சொற்களைக் கத்தரித்து 'இன்ட்கோசர்வ்' என்றார்கள். உரக் கம்பெனி போலவும் ஒலிக்கும், மின்வாரியக் கிளை போலவும் ஒலிக்கும். டீ மட்டும் ஞாபகத்துக்கு வராது. ஆனால் அதன் கீழே இருக்கும் பதினாறு ஃபேக்டரிகளின் பெயர்களைப் பாருங்கள்: கிண்ணக்கொரை, இத்தலார், பிக்கட்டி, எப்பநாடு, மஞ்சூர், நஞ்சநாடு, கரும்பாலம், கட்டபெட்டு, கைகாட்டி... எந்த விளம்பர நிறுவனமும் மாதக்கணக்கில் உட்கார்ந்து யோசித்தாலும் இவ்வளவு மண்வாசனையோடு ஒரு பட்டியல் போட முடியாது. பிக்கட்டி டீ, கிண்ணக்கொரை டீ என்று சொல்லிப் பார்க்கவே நாக்கில் நிற்கிறது.

விலை படுத்த காலத்தில் அரசு ரேஷன் கடைகளில் கூட்டுறவுத் தூளை விற்க முடிவெடுத்தது. வைத்த பெயர் 'ஊட்டி டீ'. கணக்கு சரியானதுதான். பிக்கட்டி எங்கே என்று தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஊட்டி தெரியாதவர் கிடையாது. தேனிலவுக்குப் போன ஊர், படப்பிடிப்பு நடந்த ஊர், வர்க்கி வாங்கிவந்த ஊர். அந்த ஞாபகமெல்லாம் காசில்லாத விளம்பரம். பெயர் எடுபட்டது. ஏலம் நடக்கும் ஊர், தேயிலை வாரியத்தின் அலுவலகம் இருக்கும் ஊர், 1893இல் தொடங்கிய தோட்ட முதலாளிகளின் சங்கமான 'உபாசி' குடியிருக்கும் ஊர், டேன்டீக்கும் இன்ட்கோசர்வுக்கும் தலைமையிடமான ஊர் குன்னூர். தமிழ்நாடு முழுக்கப் போன பாக்கெட்டில் அச்சான பெயர் பக்கத்து ஊருடையது. குன்னூர்க்காரர்கள் இதைச் சொல்லும்போது சிரிக்கிறார்கள். கொஞ்சம் வயிற்றெரிச்சலும் தெரிகிறது.

இதற்கிடையே கோத்தகிரியில் 2013இல் ஒரு கம்பெனி பதிவானது. பங்குதாரர்கள் எல்லோரும் பழங்குடிகள். தேன், மிளகு, காப்பி, தினை, சாமை என்று காட்டிலும் மேட்டிலும் கிடைப்பதைச் சேர்த்து விற்கிறார்கள். ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் விருது 2021இல் அவர்களுக்குக் கிடைத்தது. பெயர்: 'ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம்'. ஆங்கிலத்தில் பதிவுசெய்யும்போதும் 'பழங்குடியினர்' என்ற சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே ஆங்கில எழுத்தில் போட்டிருக்கிறார்கள். டெல்லியில் ஒருவர் அதை உச்சரிக்க எவ்வளவு திண்டாடுவார் என்று ஈஸ்ட்மன் கவலைப்பட்டிருப்பார். இவர்கள் படவில்லை. அதே காட்டின் தேன் நகரத்துக் கடைகளில் 'லாஸ்ட் ஃபாரஸ்ட்' என்ற ஆங்கிலப் பெயரிலும் கிடைக்கிறது. அது கோத்தகிரியிலேயே பிறந்த இன்னொரு நிறுவனத்தின் பிராண்ட். மலைக்கு ஒரு பெயர், சந்தைக்கு ஒரு பெயர் என்று இரண்டும் இப்போதைக்குச் சேர்ந்தே ஓடுகின்றன.